திருக்கல்லறையில் அரை மணி நேரம்: குழுவோடு எருசலேம் போகும் குருக்களுக்கு

எருசலேமில் ஆண்டவர் இயேசுவின் கல்லறையின் உள்ளறையில் பூசை வைக்கும் குருவோடு இன்னும் இரண்டு மூன்று பேர் நெருக்கி நிற்கலாம். நான் அழைத்துப் போனது 34 பேர். எருசலேமுக்குப் பங்கு மக்களோடு கிளம்பும் எந்தக் குருவும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கணக்கைத்தான். எனக்கு யாரும் சொல்லவில்லை. 2019 நவம்பரில் போய் வந்ததிலிருந்து உடன் குருக்கள் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: எப்படிப் பதிவு செய்வது, எந்தப் பீடத்தைக் கேட்பது, அவ்வளவு சிரமப்பட்டுக் கல்லறையில்தான் பூசை வைக்க வேண்டுமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பதிவு. புனித பூமியில் நம் திருத்தலங்களைக் காப்பவர்கள் பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள். 1217இல் அங்கே தொடங்கிய அவர்கள் பணியை 1342இல் திருத்தந்தை ஆறாம் கிளமென்ட் முறைப்படி உறுதிசெய்தார். திருப்பலிக்கான நேரத்தையும் பீடத்தையும் ஒதுக்கித் தருவது அவர்களுடைய அலுவலகம்தான். பழைய நகரத்தில் யாஃபா வாயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் பயண முகவர் அச்சிட்டுக் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் "திருக்கல்லறையில் திருப்பலி" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது, பதிவுச் சீட்டைக் கொஞ்சம் அனுப்புங்கள் என்று கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, பதிவே செய்யவில்லை என்று. "அங்க போய்ப் பாத்துக்கலாம் சாமி" என்றார். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் விஷயமே இல்லை அது. அன்றிரவே நானே உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது: காலை 5 மணி, கல்லறை. அந்த ஒரு வரியை எத்தனை முறை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. முகவர் யாராக இருந்தாலும் சரி, பதிவு உறுதியான தாளைக் கையில் வாங்காமல் மக்களிடம் "கல்லறையில் பூசை" என்று சொல்லிவிடாதீர்கள்.

செலிபிரெட் அட்டையையும் மறக்கக் கூடாது. நீங்கள் குரு, பூசை வைக்கத் தடையில்லை என்று ஆயரோ சபைத் தலைவரோ கையெழுத்திட்ட அட்டை அது. நம் ஊரில் யாரும் கேட்பதில்லை என்பதால் பலரிடம் காலாவதியானதுதான் இருக்கிறது. புதுப்பித்துக்கொண்டு, பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். அப்பம், இரசம், பூசை உடுப்பு எல்லாம் அங்கேயே கொடுத்தார்கள். தமிழில் பூசை வைக்கத் தடையில்லை, ஆனால் நூல் நம்முடையதாக இருக்க வேண்டும். சிறிய அளவுத் திருப்பலி நூல் ஒன்று போதும். பெரியதைத் தூக்கிப் போனால் வைக்க இடமில்லை.

ஏன் விடியற்காலை ஐந்து மணி, ஏன் அரை மணி நேரம் மட்டும் என்று மக்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு, கல்லறையை உள்ளடக்கிய பேராலயத்தின் வரலாற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையார், அர்மீனியர், கத்தோலிக்கரான நாம், காப்டிக் சபையார், சிரியர், எத்தியோப்பியர் என்று ஆறு சமூகங்கள் அந்த ஒரே கூரையைப் பகிர்ந்துகொள்கின்றன. எத்தியோப்பியத் துறவிகள் கூரையின் மேலேயே குடியிருக்கிறார்கள். எந்த விளக்கு யாருடையது, எந்தப் படியை யார் பெருக்குவது என்பதுவரை 1852இல் ஒட்டோமான் அரசு உறுதிசெய்த பழைய நிலையேற்பாடு இன்றும் ஆள்கிறது. கல்லறைக்குள் வழிபட கிரேக்கர், அர்மீனியர், இலத்தீன் முறையினரான நாம் என மூவருக்கும் உரிமை உண்டு. நடுநிசிக்குப் பிறகு கிரேக்கர்கள், அவர்களுக்கு அப்புறம் அர்மீனியர்கள், விடியலை ஒட்டி நாம். கோயிலின் சாவி தலைமுறை தலைமுறையாக ஓர் இஸ்லாமியக் குடும்பத்திடம் இருக்கிறது, கதவைத் திறப்பது இன்னோர் இஸ்லாமியக் குடும்பம்: ஜூதே, நுசைபா. கிறிஸ்தவர்கள் இப்படிப் பிரிந்து கிடக்கிறோமே என்ற வருத்தத்தோடுதான் நான் போனேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் நான் உள்ளே நுழைந்தபோது அர்மீனியர்களின் தூபம் இன்னும் அடங்காமல் கூரையின் கீழ் தங்கியிருந்தது. எனக்கு முன்பு அதே கல்லின் முன்னால் அதே இரவில் அதே ஆண்டவருக்குப் பலி செலுத்திவிட்டு இப்போதுதான் போயிருக்கிறார்கள். அந்த வாசனையில்தான் நான் பூசையைத் தொடங்கினேன்.

விடுதியிலிருந்து நாலு மணிக்கு முன்பே கிளம்பினோம். இரவு மழை பெய்து கல்பாதை முழுக்க ஈரம். கடைகளின் இரும்புக் கதவுகள் எல்லாம் மூடியிருந்தன. யாரும் பேசவில்லை, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு படிகளில் இறங்கினோம். பேராலயத்து முற்றத்தில் கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் தரையில் கிடக்கும் அந்த நீளமான கல்லைக் கண்டு, ஆண்டவரின் உடலைக் கிடத்தித் தைலம் பூசியதை நினைவுகூரும் கல், எங்கள் ஆட்கள் அப்படியே முழந்தாளிட்டுவிட்டார்கள். அவர்களை எழுப்பிக் கூட்டிப் போவது கஷ்டமாக இருந்தது. இதற்குப் பத்து நிமிடம் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அது பூசை நேரத்தைத் தின்னக் கூடாது.

நம் துறவிகளின் திருப்பொருள் அறையில் கோயில்பிள்ளை வேலை பார்க்கும் சகோதரர் அட்டையைப் பார்த்தார், வெள்ளை உடுப்பை எடுத்துக் கொடுத்தார். நவம்பர் மாதம், ஆண்டின் பொதுக்காலம். ஆனால் அங்கே உயிர்ப்புத் திருப்பலி. கல்லறைக்கு முன்னால் வேறு எந்தப் பூசையை வைப்பது? "உன்னதங்களிலே" உண்டு, அல்லேலூயா உண்டு, பாஸ்காத் தொடக்கவுரை உண்டு. இறந்தோர் மாதத்தின் நடுவில் உயிர்ப்பு விழா. எங்கள் குழுவில் அந்த ஆண்டு கணவரைப் பறிகொடுத்த இரண்டு பேர் இருந்தார்கள். வெள்ளை உடுப்போடு நான் வெளியே வந்தபோது அவர்கள் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன்.

பேராலயத்துக்குள்ளே, வட்டமான பெரிய கூடத்தின் நடுவில், ஒரு சிறு கோயில் போல நிற்கிறது கல்லறைக் கட்டடம். 1808இல் நடந்த தீ விபத்துக்குப் பிறகு 1810இல் கட்டியது. 1947இல் பிரிட்டிஷார் முட்டுக்கொடுத்த இரும்புச் சட்டங்கள் சுற்றி நிற்கும் படங்களைத்தான் சிறுவயதிலிருந்து பார்த்திருந்தேன். ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் அதைச் செப்பனிட்டு 2017 மார்ச்சில் முடித்தபோது அந்தச் சட்டங்களை எடுத்துவிட்டார்கள். செப்பனிடும்போது, 2016 அக்டோபரில், மேலே மூடியிருந்த பளிங்குப் பலகையை நகர்த்தினார்கள். அடியில் இன்னொரு பலகை, அதற்கும் கீழே குடைந்த சுண்ணாம்புப் பாறை. பாறைக்கும் பலகைக்கும் நடுவிலிருந்த காரையைச் சோதித்ததில் அது ஏறக்குறைய 345ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று வந்தது. கான்ஸ்டன்டைன் கட்டிய முதல் கோயிலை அர்ச்சித்தது 335இல். 1009இல் கலிபா அல் ஹாக்கிம் இடித்த இடிப்புக்கும் தப்பி அந்தப் பாறை அங்கேயே இருந்திருக்கிறது. உள்ளறைச் சுவரில் சின்னதாக ஒரு சன்னல் வெட்டி வைத்திருக்கிறார்கள், குகையின் பாறை தெரியும்படி. அதைப் பார்க்கத் தவறாதீர்கள். பளிங்குக்குப் பின்னால் இருப்பது பாறை என்று கண்ணால் காணும்போது மனம் வேறு விதமாக நிற்கிறது.

முதலில் வானதூதர் சிற்றறை. நடுவில், கல்லறை வாயிலை மூடியிருந்த கல்லின் ஒரு துண்டு என்று போற்றப்படும் கல்லைத் தாங்கிய பீடம். அதைத் தாண்டி ஒரு தாழ்ந்த வாசல். பூசை உடுப்போடு குனிந்துதான் நுழைய வேண்டும். கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். உள்ளே வலப்பக்கம் முழுக்கப் பளிங்குப் பலகை. அதன் மேல், நம் பூசைக்கென்று ஒரு பீடப் பலகையை வைத்திருந்தார்கள். சுவரைப் பார்த்து நின்று பூசை வைத்தேன். மக்கள் இருந்தது என் வலப்பக்கம், இரண்டு வாசல்களுக்கு அப்பால்.

மன்றாட்டுகளிலும் நற்செய்தியிலும் அங்கே "இங்கே" என்ற சொல்லுக்கு வேறு கனம் வந்துவிடுகிறது. நாசரேத்தில் பீடத்தின் முகப்பிலேயே இலத்தீனில் பொறித்திருக்கிறார்கள்: வார்த்தை இங்கே மனிதர் ஆனார் என்று. பெத்லகேமின் வெள்ளி நட்சத்திரத்திலும் அதே "இங்கே". ஆனால் எருசலேமில் வானதூதர் சொன்னது "அவர் இங்கே இல்லை" என்றல்லவா! உலகத்தில் இருக்கும் திருத்தலங்களில், ஆண்டவர் இங்கே இல்லை என்பதே நற்செய்தியாக இருப்பது இந்த ஓர் இடம்தான். அந்த இடத்தில் அப்பத்தைக் கையில் எடுத்து "இது என் உடல்" என்று சொல்ல வேண்டும். குருத்துவம் பெற்று 22 ஆண்டுகளில் நான் எத்தனையோ ஆயிரம் முறை சொன்ன சொற்கள். அன்று என் குரல் நின்றுவிட்டது. காலியான கல்லின் மேல், என் கையில், அவர். கூட நின்ற இளம் துணைப்பங்குத்தந்தை என் முழங்கையைத் தொட்ட பிறகுதான் தொடர்ந்தேன்.

புறப்படும்போது, வர முடியாதவர்கள் எல்லாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 212 பெயர்கள். வாசிக்க நேரம் கிடையாது என்று தெரியும். நோட்டைப் பீடத்தின் ஓரத்தில் வைத்து, மேலே கையை வைத்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

இனி, யாரும் சொல்லாத பகுதி. வெளியே நின்ற 34 பேரில் முன்வரிசையில் இருந்த ஏழெட்டுப் பேருக்குத்தான் என் குரல் எட்டியது. வாசகங்களை வானதூதர் சிற்றறையின் வாசலில் நின்று வாசிக்கச் சொல்லியிருந்தேன், அது கேட்டது. காணிக்கைப் பாட்டு அவர்களாகவே ஊகித்துத் தொடங்கினார்கள். நான் அப்போது காணிக்கையைத் தாண்டித் தொடக்கவுரையையே முடித்திருந்தேன். எழுந்தேற்றத்தில் நான் அப்பத்தை உயர்த்தியதை அவர்கள் பார்க்கவில்லை. நற்கருணை கொடுக்க வெளியே வந்தபோதுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பூசை முடியும்போது அடுத்த குழு வாசலில் காத்திருந்தது. எங்களில் பத்துப் பேர் போல, இரண்டிரண்டு பேராக, சட்டென்று உள்ளே போய்க் கல்லை முத்தமிட்டு வந்தார்கள். மற்றவர்களுக்கு நேரம் இல்லை. பகலில் வந்தால் வரிசையில் நின்று போகலாம் என்றார்கள். பகலில் அந்த வரிசை கூடத்தையே சுற்றிக்கொண்டு போகிறது.

எனக்கு இது பெரிய உறுத்தலாக இருந்தது. வாழ்நாள் சேமிப்பை எடுத்துக்கொண்டு வந்தவர்கள். உள்ளே நிற்கும் பாக்கியம் எனக்கு, வெளியே நிற்பது அவர்களுக்கா? காலை உணவின்போது, 76 வயதான ஒரு பாட்டியிடம் போய், "அம்மா, உங்களுக்கு ஒண்ணும் கேட்டிருக்காதே" என்றேன். "கேக்கல சாமி. உள்ள இருந்து மெழுகுத்திரி வெளிச்சம் மட்டும் சின்ன வாசல் வழியா தெரிஞ்சுது. அதையே பாத்துட்டு நின்னேன்" என்றார். வருத்தத்தின் சாயலே இல்லை அவர் முகத்தில்.

அன்று பகலெல்லாம் யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பேதுரு உள்ளே போனார், துணிகளைப் பார்த்தார், வீடு திரும்பினார். மற்றச் சீடரும் போய்த் திரும்பினார். மகதலா மரியா வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார். உயிர்த்த ஆண்டவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவரைத்தான், கல்லறைக்கு வெளியே. நான் அந்த அதிகாரத்தை எத்தனை உயிர்ப்புப் பெருவிழாவில் விளக்கியிருக்கிறேன். நிற்கும் இடத்தை மட்டும் கவனித்ததே இல்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்கு வந்த எகேரியா என்ற பெண் திருப்பயணி எழுதிவைத்ததும் நினைவுக்கு வந்தது. ஞாயிறு விடியலில் ஆயர் கல்லறைக் குகையின் கம்பித் தடுப்புக்கு உள்ளே நின்று உயிர்ப்பு நற்செய்தியை வாசிப்பாராம்; வெளியே நிற்கும் மக்கள் விம்மி அழுவார்களாம். ஆக, 1600 ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் வெளியேதான் நின்றிருக்கிறார்கள். இதை நான் முதல் நாள் இரவே எங்கள் ஆட்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கூட்டிப் போனது என் குறை.

இரண்டு நாள் கழித்து, வேறொரு குழுவோடு வந்திருந்த குரு நண்பர் கல்வாரியில் கூட்டுத் திருப்பலிக்கு என்னை அழைத்தார். அதே பேராலயத்துக்குள், வாசலை ஒட்டி, செங்குத்தான படிகள் ஏறிப் போக வேண்டும். மேலே இரண்டு சிற்றாலயங்கள் அடுத்தடுத்து: சிலுவை நடப்பட்ட இடத்துப் பீடம் கிரேக்கர்களுடையது, ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த இடம் என்று போற்றும் பீடம் நம்முடையது. மெடிச்சி குடும்பத்து ஃபெர்டினாண்டு பிரபு 1588இல் கொடுத்த வெண்கல வேலைப்பாடு அந்தப் பீடத்தில் இருக்கிறது. இங்கே மக்கள் பீடத்துக்கு முன்னாலேயே நின்றார்கள். குரல் கேட்டது. அப்பம் உயர்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள். பூசை முடிந்ததும் நாலு எட்டில் பக்கத்துச் சிற்றாலயத்துக்குப் போய், பீடத்தின் அடியில் குனிந்து, துளை வழியாகக் கையை விட்டுப் பாறையைத் தொட்டுவிட்டார்கள். ஒரே குறை படிகள்தான். உயரமான படிகள், தேய்ந்த கல். முழங்கால் வலி உள்ளவர்களை இரண்டு பேர் தாங்கி ஏற்ற வேண்டியிருந்தது. இறங்கும்போது இன்னும் பயம்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெத்லகேமில், புனித கத்தரீன் ஆலயத்துக்கு அடியில் புனித ஜெரோம் வாழ்ந்ததாகச் சொல்லும் குகையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. நவம்பரில் கிறிஸ்து பிறப்புத் திருப்பலி. 34 பேரும் நெருக்கமாக நின்று பாடியதில் குகையே நிறைந்தது. முழுக் குழுவும் ஒன்றாக, ஒரே குரலில் வழிபட்ட இடம் என்றால் அதுதான். ஒலிவ மலைச் சரிவில் ஆண்டவர் அழுத சிற்றாலயம் உண்டு, அந்தோனியோ பர்லூச்சி வடிவமைத்து 1955இல் முடித்தது. பீடத்துக்குப் பின்னால் சுவருக்குப் பதில் வளைவான சன்னல், அதில் எருசலேம் நகரம் முழுவதும். அங்கே பூசை வைக்கும் குருவுக்கு ஓர் எச்சரிக்கை: மக்கள் உங்களைப் பார்க்க மாட்டார்கள், நகரத்தைத்தான் பார்ப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதே மலையில் பரலோக மந்திரம் பல மொழிகளில் ஓடுகளில் பொறித்திருக்கும் மடத்தில் தமிழ் ஓட்டைத் தேடிக் கண்டுபிடித்து எல்லாருமாகச் சத்தமாகச் சொன்னோம். அதற்கு முன்பதிவு எதுவும் தேவைப்படவில்லை.

இனி என் தீர்ப்பைக் கேட்டால்: தனியாகவோ ஐந்தாறு பேரோடோ போகும் குரு தயங்காமல் கல்லறையைக் கேட்கட்டும். முடிந்தால் முந்தின இரவே அனுமதி பெற்று, கதவு பூட்டிய பேராலயத்துக்குள் விழித்திருந்து ஜெபியுங்கள்; ஒரு சிலரை மட்டும் அப்படித் தங்க விடுகிறார்கள். அந்த இரவு எனக்கு வாய்க்கவில்லை, ஆசை இன்னும் இருக்கிறது. பத்துப் பதினைந்து பேருக்கு மேல் என்றால் கல்வாரியைக் கேளுங்கள். படியேற முடியாதவர்கள் குழுவில் இருந்தால் இதற்கு விதிவிலக்கு. அப்போது கல்லறையே மேல், அங்கே தரைமட்டத்தில் நிற்கலாம், சுவரோரம் உட்காரவும் இடம் தேடிக்கொள்ளலாம்.

எப்படி இருந்தாலும் குழுவுக்குக் கல்லறைதான் கிடைத்தது என்றால், முதல் நாள் பகலிலேயே எல்லாரையும் வரிசையில் நிறுத்தி உள்ளே ஒரு முறை அனுப்பிவிடுங்கள், இரண்டு மணி நேரம் ஆனாலும் சரி. பாட்டுகளை முன்கூட்டியே வரிசைப்படுத்தி, பாட ஒருவரைக் கூட்டத்திலேயே நிறுத்துங்கள். சிற்றறை வாசலில் ஒருவர் நின்று, உள்ளே பூசை எந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்று வெளியே கையைக் காட்டினால் போதும், எல்லாரும் சேர்ந்து முழந்தாளிடலாம். அடுத்த முறை நானும் அப்படித்தான் செய்யப்போகிறேன். அந்தப் பாட்டியையும் இன்னொரு தடவை வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறேன். முழங்கால் ஒத்துழைத்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நோட்டில் இன்னும் இரண்டு பெயர் சேர்க்க வேண்டும் என்றார்.